கிளிமஞ்சாரோ மச்சாமே வழி: 6 நாளா, 7 நாளா?

கோவை_நடையன்:
வணக்கம். ஜனவரி கடைசியில் நண்பரும் நானும் கிளிமஞ்சாரோ போகிறோம். கூடாரத்தில் தங்கும் மச்சாமே வழி என்பது முடிவாகிவிட்டது. இரண்டு நிறுவனங்களிடம் விலை கேட்டதில் ஒன்று 6 நாளுக்குத் தலைக்கு 1,250 டாலர், இன்னொன்று 7 நாளுக்கு 2,100 டாலர் என்கிறது. ஒரே ஒரு நாளுக்கு இவ்வளவு வித்தியாசமா? இருவரும் ஓட்டப் பயிற்சி உள்ளவர்கள், வெள்ளியங்கிரி ஏறிய பழக்கமும் உண்டு. உயர நோயைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரை விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உச்சி ஏறும் இரவுக்கு என்ன உடுப்பு வேண்டும், சைவச் சாப்பாடு எப்படி என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைச்சுவடு:
7 நாள் எடுங்கள். 8 நாள் லெமோஷோ வழிக்குப் பணமும் விடுப்பும் இருந்தால் இன்னும் நல்லது. 6 நாள் வேண்டாம்.

காரணம் இதுதான். மச்சாமே வாயில் சுமார் 1,800 மீட்டர். முதல் இரவு தங்கும் மச்சாமே முகாம் 2,835 மீட்டர். அதுவே தொட்டபெட்டாவைவிட (2,637) உயரம். இரண்டாம் இரவு ஷிரா முகாம், சுமார் 3,750. மூன்றாம் நாள்தான் இந்த வழியின் உயிர்நாடி. மதியத்துக்குள் லாவா டவர் என்ற பாறை வரை, 4,600 மீட்டருக்கு மேல் ஏற்றி, அங்கே சாப்பிட வைத்து, மாலைக்குள் 3,950 மீட்டரில் உள்ள பாரங்கோ முகாமுக்கு இறக்கிவிடுவார்கள். பகலில் உயரத்தைத் தொட்டுவிட்டு இரவில் தாழ்வான இடத்தில் தூங்கினால் உடம்பு வேகமாகப் பழகும். லாவா டவரில் தலை வலிப்பது சகஜம். பாரங்கோ வந்ததும் அது குறைய வேண்டும். குறையவில்லையென்றால் அன்றைக்கே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள்.

நான்காம் நாளில் இரண்டு திட்டங்களும் பிரிகின்றன. 7 நாள் திட்டத்தில் பாரங்கோ சுவர் என்ற செங்குத்தான பாறையை ஏறி, சுமார் 4,000 மீட்டரில் கரங்காவில் தங்கல். மறுநாள் மதியத்துக்குள் பாரஃபு (4,670) சேர்ந்து பிற்பகல் முழுக்க ஓய்வு, நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்பல். 6 நாள் திட்டத்தில் கரங்காவில் தங்காமல் ஒரே மூச்சில் பாரஃபு. நாள் முழுக்க நடந்து மாலையில் சேர்ந்து, சில மணி நேரம் கூடாரத்தில் புரண்டுவிட்டு, அதே இரவில் இன்னும் 1,200 மீட்டர் ஏற வேண்டும். உச்சியைத் தொட்ட பிறகும் அன்றைய நடை முடியாது. அதே பகலில் 3,100 மீட்டரில் இருக்கும் ம்வேகா முகாம் வரை கிட்டத்தட்ட 2,800 மீட்டர் இறக்கம் காத்திருக்கிறது. களைத்த கால் சறுக்குவதும் முழங்கால் மடங்குவதும் இந்த இறக்கத்தில்தான்.

ஓட்டமும் வெள்ளியங்கிரியும் காலுக்கு நல்ல பயிற்சி. ஆனால் மெல்லிய காற்றுக்கு அவை உடம்பைப் பழக்காது. சொல்லப்போனால் நல்ல தெம்புள்ளவர்கள்தான் முதல் இரண்டு நாள் வேகமாக நடந்து, மூன்றாம் நாள் வாந்தியோடு உட்காருகிறார்கள். வழிகாட்டி "போலே போலே" (சுவாஹிலியில் 'மெதுவாக, மெதுவாக') என்று நடையைக் குறைக்கச் சொன்னால் அப்படியே கேளுங்கள். நடக்கும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், அதுதான் சரியான வேகம்.

பாரங்கோ சுவர் சுமார் 250 மீட்டர். கயிறு வேண்டாம், ஆனால் கைகள் வேண்டும். ஊன்றுகோல்களை மடித்துப் பையில் கட்டிவிடுங்கள். தலைச்சுமையோடு போர்ட்டர்கள் வந்தால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் பாறைப் பக்கம் ஒட்டி நின்று வழிவிடுங்கள்.

மருந்துப்பை:
டயமாக்ஸ் (அசிட்டசோலமைடு) பற்றி. தடுப்புக்குப் பொதுவான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. நம் ஊரில் 250 மாத்திரையாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும், பாதியாக உடைத்துப் போட வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். விரல் நுனி சுருசுருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். இவை எதிர்பார்த்தவைதான். அதற்கென்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள், நாளுக்கு 3 லிட்டராவது குடியுங்கள்.

இந்த மாத்திரை மூச்சை ஆழமாக்கி உடம்பு பழகுவதை விரைவுபடுத்துகிறது, அவ்வளவுதான். ஆபத்து அறிகுறி வந்தபின் இதைப் போட்டுக்கொண்டு மேலே போகலாம் என்று நினைத்தால் உயிருக்கே ஆபத்து. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், குழறும் பேச்சு, குதிகாலை விரல் நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் நள்ளிரவானாலும் உடனே இறக்கம். ஆக்ஸிஜன் சிலிண்டரெல்லாம் இறக்கும் வரை தாங்கத்தான்.

காலை மாலை விரலில் ஆக்ஸிமீட்டர் வைத்து இரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். பாரஃபுவில் 80 சொச்சம், அதற்குச் சற்றுக் கீழே காட்டினாலும் ஆள் தெளிவாக இருந்தால் பதற வேண்டாம். எண்ணோடு ஆளையும் பார்க்கிற வழிகாட்டிதான் நல்ல வழிகாட்டி. தூக்க மாத்திரையும் மதுவும் கூடவே கூடாது, இரண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும்.

இன்னொன்று: எத்தியோப்பியா, கென்யா வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணக் காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை மலையேற்றம் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பனிக்கோடு:
விலை வித்தியாசத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூங்காக் கட்டணம் தலைக்கு நாளுக்கு 70 டாலர், கூடார இரவுக்கு 50, மீட்புக்கு 20, மொத்தத்தின் மேல் 18 சதவீத வரி (கட்டுவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்). 6 நாளுக்கு 420, 250, 20 சேர்த்து 690. வரியோடு சுமார் 814. உங்கள் 1,250-ல் மிச்சம் 436, இரண்டு பேருக்கு 872. இருவருக்கு வழிகாட்டி, துணை வழிகாட்டி, சமையல்காரர், போர்ட்டர்கள் என்று பத்துப் பேராவது வருவார்கள். ஆறு நாள் கூலி, அத்தனை பேர் சாப்பாடு, எரிவாயு, வண்டி, விடுதி, கம்பெனி லாபம் எல்லாம் அந்த 872-க்குள். எங்கே கை வைப்பார்கள்? போர்ட்டர் கூலியிலும் சாப்பாட்டிலும்தான்.

அதனால் கேளுங்கள்: போர்ட்டருக்கு நாள் கூலி எவ்வளவு, எத்தனை வேளை சாப்பாடு, எந்தக் கூடாரத்தில் படுக்கிறார்கள், சுமை 20 கிலோவுக்குள் எடை போடுகிறார்களா. கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு தன் பங்காளி நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது, அதில் பெயர் இருக்கிறதா பாருங்கள். உங்களுக்காக நாலாயிரம் மீட்டரில் தண்ணீர் சுமக்கிறவர் பட்டினி கிடக்கக் கூடாது. பாரஃபுவில் தண்ணீரே கிடையாது, கரங்காவிலிருந்துதான் சுமந்து வருகிறார்கள். டிப்ஸுக்குத் தலைக்கு 200 முதல் 250 டாலர் தனியாக, சில்லறை நோட்டாக வையுங்கள்.

கூடாரவாசி:
உடுப்பு நான் சொல்றேன். உச்சியில விடியற்காலை மைனஸ் 10, காத்தடிச்சா மைனஸ் 20 மாதிரி இருக்கும். பருத்தி எதுவுமே வேண்டாம், வேர்வையில நனைஞ்சா காயாது. மேலுக்கு உள்ளாடை மாதிரி ஒட்டுற கம்பளி, அதுமேல ஃப்ளீஸ், அதுமேல இறகு ஜாக்கெட், கடைசியா காத்தும் மழையும் புகாத ஜாக்கெட். காலுக்கு மூணு அடுக்கு. கையுறை ரெண்டு ஜோடி: மெல்லிசு உள்ளே, விரல் பிரியாத தடிப்பு வெளியே. தூக்கப்பை மைனஸ் 10 தாங்கணும். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், ஜிப்பை இழுத்துப் பார்த்து வாங்குங்க.

குழாய் வெச்ச தண்ணிப்பை, உச்சிக்குக் கொஞ்சம் கீழே எரிமலை வாய் விளிம்புல இருக்கிற ஸ்டெல்லா பாயிண்டுக்கு முன்னாடியே உறைஞ்சிடும். அகலவாய் பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, சாக்ஸ் மாட்டி, தலைகீழா வைங்க. பனி மேல்பக்கமா கட்டும், வாய் அடைக்காது. போன், ஹெட்லேம்ப் உபரி பேட்டரி எல்லாம் நெஞ்சோட ஒட்டின பாக்கெட்ல. தான்சானியாவில பிளாஸ்டிக் பைக்கு 2019-லேருந்து தடை, துணியை நனையாம வைக்க டிரை பேக் எடுங்க.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். கஞ்சி, சூப், சோறு, சப்பாத்தி, காய்க்குழம்பு எல்லாம் உண்டு. சூப் க்யூப்ல கோழிச்சாறு இருக்கான்னு முன்னாடியே எழுதிக் கேளுங்க. 4,000-க்கு மேல பசியே இருக்காது, புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் அப்போ கைகொடுக்கும்.

கோவை_நடையன்:
7 நாளுக்கே முன்பணம் கட்டுகிறோம். இறக்கத்துக்கென்று தனியாகப் பயிற்சி உண்டா?

மலைச்சுவடு:
படிக்கட்டில் 8 கிலோ பையோடு இறங்கிப் பழகுங்கள், வாரம் மூன்று முறை, ஒவ்வொரு படியிலும் இரண்டு நொடி தாங்கி. காலணியை இப்போதே வாங்கி அதோடு பழகுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கும் முன் கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டினால் விரல் முன்னால் போய் இடிக்காது.