மகனுக்குப் போதைப் பழக்கம்: அப்பாக்கள் பேசலாம்

மதுரை, லேத் பட்டறை

என் மகன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தான். டேபென்டடால் என்ற பெயரே டாக்டர் சொல்லித்தான் தெரியும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. முழங்கை மடிப்பில் நரம்பு கருத்துத் தடித்திருந்ததை முதலில் பார்த்தது அவன் அம்மா.

சொந்தக்காரர்கள் சொன்ன வைத்தியம், "ஒரு கால்கட்டு போட்டுவிடு, தானாகத் திருந்துவான்." இன்னொரு வீட்டுப் பெண்தான் இவனுக்கு மருந்தா என்று கேட்டேன். அதோடு மச்சான் வீட்டில் பேச்சு நின்றது. நிற்கட்டும்.

எனக்குப் பெரிய பயம் போலீஸ். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் கேஸ் ஆகிவிடுமோ என்று. தெரிந்த வக்கீல் 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவைக் காட்டினார். அடிமையானவர் மேல் சிறிய அளவு போதைப்பொருள் வைத்திருந்த வழக்கு இருந்தாலும், தானே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. பாதியில் விட்டால் அது போய்விடலாம். இது தெரிந்த பிறகுதான் தூக்கம் வந்தது.

வடசென்னை, ஓய்வுபெற்றவன்

அண்ணே, என் வீட்டில் போலீஸைவிடக் கடன்காரன்தான் தொல்லை. வண்டியை அடகு வைத்தான், தங்கை கொலுசைத் தூக்கினான். வாசலில் எவனாவது நின்று சத்தம் போட்டால் தெருவே பார்க்குமே என்று எடுத்துக் கொடுப்பேன். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அவரும் ஒரு அப்பாதான், கேட்டார்: "இந்தப் பணம் பையனுக்கா, உங்க மானத்துக்கா?" பதில் சொல்ல வரவில்லை.

இப்போது வீட்டில் சோறு எப்போதும் உண்டு, கையில் காசு கிடையாது. மருந்துச் செலவு என்றால் நானே கடைக்குப் போகிறேன். அவன் கத்துகிறான். கத்தட்டும் என்று இருப்பதற்கு ஆளுக்கு ஒரு துணை வேண்டும், எனக்கு என் தம்பி.

கோவை

இரண்டு விஷயம் மட்டும். சிகிச்சை முடிந்து வந்த பிள்ளை வழுக்கி விழுந்து பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, உயிர் போகும் ஆபத்து அப்போதுதான் அதிகம். "திருந்திட்டான்" என்று கண்காணிப்பை விடாதீர்கள், திட்டி விரட்டவும் வேண்டாம்.

ஊசி போட்ட பிள்ளை என்றால் எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி இரண்டும் சோதிக்கணும். ஹெபடைடிஸ் சி மாத்திரையிலேயே குணமாகிறது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்கள் போதை மீட்பு உதவி எண் 14446-க்கு அடிக்கலாம், கட்டணம் இல்லை.

மதுரை, லேத் பட்டறை

நன்றி சார். ரத்தப் பரிசோதனை யாரும் சொல்லவில்லை. இங்கே ஒரு தனியார் மையத்தில் பூட்டி வைத்து அடிக்கிறார்கள் என்று கேள்வி. சேர்க்கும் முன் லைசென்ஸைக் காட்டச் சொன்னால் காட்டுவார்களா? கேட்டுப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.