ஹோட்டன் சமவெளிச் சுற்றுப்பாதை: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து போகிறவர்களுக்கு நடந்தவர்கள் சொல்வது

களுவாஞ்சிக்குடி:
வெள்ளாமை வெட்டு முடிந்ததும் வான் பிடித்து மலைநாட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஹோட்டன் சமவெளியைத்தான். உலக முடிவு என்கிற செங்குத்து மலைவிளிம்பு, பேக்கர் நீர்வீழ்ச்சி, இடையில் காடு, புல்வெளி என்று புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிற பாதை. ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீற்றர். நடந்து பழகினவர்கள் எழுதுங்கள். நல்ல இடம், கட்டாயம் போங்க என்பது எல்லாருக்கும் தெரியும். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தால், என்ன சுமந்து, எங்கே வழுக்கும், அதுதான் வேண்டும்.

செங்கலடி:
முதலில் மாதத்தைச் சொல்கிறேன், பாதிப் பேர் அதிலேதான் பிழைக்கிறார்கள். நம்ம ஊரில் கச்சான் அடிக்கிற காலத்தில் அங்கே போகாதீர்கள். தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையேறும்போது மழையை அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, வெறுங்காற்றாக நம்ம பக்கம் இறங்கிச் சூடாகிறது. அதுதான் கச்சான். இங்கே வயல் வெடித்துக் கிடக்கும் ஆனி, ஆடியில் சமவெளி மழையிலும் முகிலிலும் மூடிக் கிடக்கும். ஓகஸ்ட் பாடசாலை விடுமுறைக்குப் போகிற குடும்பங்கள் வெள்ளைப் புகையைப் பார்த்துவிட்டு வருவதற்குக் காரணம் இதுதான். தை நடுப்பகுதியிலிருந்து பங்குனி வரைதான் வானம் நம்பத்தக்கது. அந்த மாதங்களில் விடியற்காலை புல்லில் உறைபனி படியும், அதற்கு உடுப்பு வேண்டும். சித்திரையில் காலை நல்லது, பின்னேரம் இடி மழை. நுவரெலியா வசந்தகாலச் சனமும் அந்த மாதத்தில்தான்.

அடுத்தது நேரம். கேற் காலை 6 மணிக்குத் திறக்கும். உலக முடிவுக்கு 9 மணிக்கு முன் போய்ச் சேர வேண்டும். வெயில் ஏற ஏறத் தெற்குப் பள்ளத்தின் ஈரக்காற்று சூடாகி மலைச்சுவரோடு மேலே எழும்பும். விளிம்புக்கு வரும்போது குளிர்ந்து முகிலாகிவிடும். பத்து மணிக்குப் பிறகு பெரும்பாலும் மூடிவிடும், காத்திருந்தும் பலனில்லை.

ஆகவே மட்டக்களப்பிலிருந்து இரவோடு இரவாக ஓடி விடியப் போய் நிற்கலாம் என்ற கணக்கை விடுங்கள். பதுளை வீதியில் கரடியனாறு தாண்டி மகாஓயா வரை இரவில் யானை நிற்கும். பிபிலை, லுணுகலை, பசறை வளைவுகள் நித்திரைக் கண்ணோடு ஓடத்தக்கவை அல்ல. 2021 மார்ச்சில் பஸ் பள்ளத்தில் விழுந்து பல உயிர்கள் போனது பசறை 13ஆம் கட்டையில்தான். பகலில் போய் அப்புத்தளையிலோ ஒஹியவிலோ பட்டிப்பொலவிலோ படுத்தெழும்புங்கள்.

வான் ஓட்டுகிற தம்பிமாருக்கு ஒன்று. நம்ம ஊர்ச் சமதரையில் பிறேக்கை மிதித்தே பழகியிருப்பீர்கள். ஒஹியவிலிருந்து மேலே 11 கிலோமீற்றர் வளைந்து வளைந்து ஏற்றம், திரும்பும்போது அவ்வளவும் இறக்கம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். ஓட்டோ கியர் என்றால் 2 அல்லது L இல் போடுங்கள். பிறேக்கை விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய மணம் வந்தால் உடனே ஓரம் கட்டி ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூட்டில் தட்டு வெடிக்கும்.

அக்கரைப்பற்று:
எங்கட பக்கத்தால் ஏ4 வீதியே வசதி. பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, கொஸ்லந்தை, பெரகலை, அங்கிருந்து அப்புத்தளை. லகுகலைப் பகுதியைப் பொழுது படுவதற்கு முன் கடந்துவிடுங்கள், குளத்தை அண்டி யானைகள் வீதிக்கு வரும். வழியில் கொஸ்லந்தையில் தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுவது வீதியிலிருந்தே தெரியும். அதைப் பார்த்தவர்கள் பேக்கர் நீர்வீழ்ச்சி ஏறத்தாழ 20 மீற்றர்தான் என்றதும் முகம் சுருங்குவார்கள். பேக்கரின் அழகு உயரத்தில் இல்லை, அது விழுகிற இடத்தில் இருக்கிறது.

பஸ்ஸில் வருகிறவர்கள் பதுளை வரை பஸ், அங்கிருந்து ரயிலில் ஒஹிய. ஆனால் விடியற்காலை கேற்றுக்கு எந்த ரயிலும் உதவாது. முந்திய நாளே இறங்கித் தங்கி, காலைக்கு ஓட்டோவோ ஜீப்போ பேசி வைக்க வேண்டும்.

காத்தான்குடி:
செங்கலடி அண்ணன் சொன்ன நேரம் சரி. சுபஹ் தொழுத கையோடு அறையிலிருந்து வெளிக்கிட்டால் கேற் திறக்கும்போது நிற்கலாம். நான் பையைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் நடை தொடங்குகிற ஃபார் இன் என்ற இடத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போக விடமாட்டார்கள். பிஸ்கற் உறையைக் கழற்றி, பிஸ்கற்றைக் கடதாசிப் பையில் போட்டுத் தருவார்கள். சிகரெட், லைட்டர், நெருப்புப்பெட்டி, மதுபானம் எல்லாம் வெளியே நிற்கும். புல்வெளி காய்ந்த மாதத்தில் ஒரு பொறி போதும்.

லஞ் சீற்றில் கட்டிய சோத்துப் பார்சல் அங்கே தொல்லை. வாழையிலையை வாட்டிக் கட்டி, மேலே பேப்பர் சுற்றுங்கள். அதைவிட நல்லது டிபன் கரியர். புட்டு, இடியப்பம் குளிரில் விறைத்துவிடும். தேங்காய் றொட்டியும் கட்டச் சம்பலும் கெடாது, கையில் பிடித்துக்கொண்டே தின்னலாம். பேரீச்சம்பழம் ஆளுக்கு ஏழெட்டு. ஹலால் சாப்பாடு தேடி அலையாமல் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள்.

தண்ணீர் பெரியவருக்கு ஒன்றரை லீற்றர், ஸ்ரீல் போத்தலில். குளிரில் தாகம் தெரியாது, வியர்வை காற்றிலேயே காய்ந்துவிடும். தலையிடி தொடங்கிய பிறகுதான் விளங்கும். அரைமணிக்கொருமுறை நாலு மிடறு குடியுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள், ஜீவனி, ஒரு பக்கற் இருக்கட்டும்.

உடுப்பு இரண்டு அடுக்கு, மேலே காற்று மழை தாங்கும் ஜக்கற். ஆகக் கீழே பருத்தி பெனியன் போட வேண்டாம். ஏற்றத்தில் வியர்த்து நனைந்தால் காயாது, உலக முடிவில் நின்றதும் நடுங்கும். குடை காற்றில் நிற்காது. அபாயா, சாறி உடுத்து வருகிற அக்கா தங்கச்சிமார் கரையைக் கணுக்காலுக்கு மேலே வைத்துத் தைத்ததை உடுங்கள். இறங்கும்போது பின்னால் வருகிறவர் மிதிப்பதும், சேறு ஏறிப் பாரமாவதும் நடக்கிறது. தொப்பி கட்டாயம். குளிரென்று ஏமாந்தால் அந்த உயரத்து வெயில் முகத்தை உரித்துவிடும்.

மலசலகூடத்தை ஃபார் இன்னிலேயே முடித்துவிடுங்கள்.

திருக்கோவில்:
இனிப் பாதை. ஃபார் இன் வாசலிலிருந்து கொஞ்சத் தூரம் சமமான புல்வெளி, அதன் பிறகு பாதை கவடாகப் பிரியும். இடப்பக்கம் சிறிய உலக முடிவு, வலப்பக்கம் பேக்கர் நீர்வீழ்ச்சி. எந்தப் பக்கத்தால் போனாலும் சுற்றி இதே கவட்டுக்குத்தான் வருவீர்கள். வானம் வெளித்திருந்தால் யோசிக்காமல் இடம். நீர்வீழ்ச்சி பத்து மணிக்கும் அங்கேதான் இருக்கும், உலக முடிவின் காட்சி இருக்காது.

தொடக்கத்தில் வேகம் வேண்டாம். நாம் கடல்மட்டத்தில் சுவாசிக்கிற ஆட்கள், அங்கே உயரம் 2,100 மீற்றருக்கு மேல். காற்றழுத்தம் ஊரில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முதல் ஏற்றத்திலேயே நெஞ்சு அடிக்கும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருந்து இழுக்கிற பம்பை வானில் விடாமல் சட்டைப் பையில் வையுங்கள். குளிர்காற்றுத்தான் பெரும்பாலும் இழுப்பைத் தொடக்கும்.

இடப்பக்கப் பாதை காட்டுக்குள் நுழைந்ததும் தரை மாறும். மழைத்தண்ணீர் அரித்த வாய்க்கால், உருளும் சரளை, குறுக்கே வேர். ஈர வேரில் கால் வைக்காதீர்கள், தாண்டி வையுங்கள். கல்லில் சப்பாத்து பிடிக்கும், தோலுரிந்த வேரில் பிடிக்காது. இந்தப் பாதையில் விழுகிறவர்கள் பெரும்பாலும் வேரில்தான் விழுகிறார்கள். கவட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றர் அளவில் சிறிய உலக முடிவு. அங்கே பள்ளம் 300 மீற்றருக்குக் கிட்ட. அங்கே அதிக நேரம் நிற்க வேண்டாம், படமெடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். இன்னும் அதே அளவு தூரம் ஏறி இறங்கினால் பெரிய உலக முடிவு.

அங்கே ஏறத்தாழ 880 மீற்றர் செங்குத்து. கீழே தேயிலைத் தோட்டமும் லயன் கூரைகளும் தெரியும். நன்றாக வெளித்த காலையில் தெற்கே கடல்வரை பார்வை போகும். விளிம்பில் புல் மண்ணைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். தரை என்று நினைத்துக் கால் வைத்தால் கீழே ஒன்றுமில்லை. வேலி இல்லாத பக்கம் விளிம்புக்கு மூன்று மீற்றருக்குள் போகாதீர்கள். படமெடுக்கிறவர் பின்னால் நகரவே கூடாது. 2015 இல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் மனைவியைப் படமெடுக்கப் பின்னுக்கு நகர்ந்து விழுந்தார். கீழே மரமொன்றில் தங்கியதால் உயிர் தப்பினார், இராணுவத்தினர் கயிறு கட்டி இறங்கித்தான் மேலே கொண்டுவந்தார்கள். சிறுபிள்ளையின் கையைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். விரல் வழுவும், மணிக்கட்டு வழுவாது.

அங்கிருந்து பேக்கர் பக்கம் போகிற பாதை அகலம், லேசு. வெயில் நேரே விழும். பிறகு நீர்வீழ்ச்சிக்கு இறங்குகிற துண்டு. இந்தச் சுற்றில் ஆகக் கடினமான இடம் இதுதான், நான் உலக முடிவைவிட இதற்குத்தான் பயப்படச் சொல்வேன். படி செங்குத்து, நீர்த்தூவலில் எந்நேரமும் ஈரம். ஆறு கிலோமீற்றர் நடந்து முழங்கால் தளர்ந்த பிறகு இதில் இறங்குகிறீர்கள். மேலே பத்து நிமிடம் இருந்து, றொட்டியைத் தின்று, தண்ணீர் குடித்துவிட்டு இறங்குங்கள். காலைப் பக்கவாட்டில் வைத்து, ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு. பையின் வாரை இறுக்குங்கள், ஆடுகிற பை ஆளையும் ஆட்டும்.

பெலிஹுல் ஓயா பாறையில் பிரிந்து அகன்று விழுகிற இடம் அது. சுற்றிவர மரப் பன்னங்கள். குளிக்கத் தடை, அதில் பேரம் இல்லை. அந்தக் குளிரில் தசை பிடித்துக்கொள்ளும், தண்ணீர் ஆளை உள்ளே இழுப்பதும் உண்டு. பிறகு மேலே ஏறி, ஆற்றோரப் புல்வெளியால் கவட்டுக்கு வந்துவிடலாம். நிறுத்தி நிறுத்தி நடந்தால் மொத்தம் மூன்றரை, நான்கு மணித்தியாலம்.

வாழைச்சேனை:
எல்லாரும் இரண்டு முடிவுக்கும் ஒரு நீர்வீழ்ச்சிக்கும் ஓடுகிறார்கள். காட்டைப் பார்க்கிறவர்கள் குறைவு, அதுதான் எனக்குக் கவலை. அந்த மரங்கள் உயரமில்லை. காற்றில் முறுகி, உச்சி குடை விரித்தது மாதிரித் தட்டையாக நிற்கும், கிளையெல்லாம் பாசி. மழை பெய்யாத நேரத்திலும் உள்ளே சொட்டுச் சொட்டாக விழும். முகில் இலையிலும் பாசியிலும் பட்டுத் தண்ணீராகி இறங்குகிறது. மழைமானியில் விழாத தண்ணீர் அது. அங்கே தொடங்கும் ஓடைகள் களனி, வளவை, மகாவலி மூன்றுக்கும் போகின்றன. அக்ரா ஓயாத் தண்ணீர் மகாவலியில் சேர்கிறது. அதே மகாவலியின் கிளைதான் நமக்கு வடக்கே வெருகலில் கடலுக்குப் போகிறது. ஆகவே அங்கே பாசியை உரிக்கிறவர், பாதை விட்டுக் குறுக்கே மிதிக்கிறவர், எங்கேயோ உள்ள மலையைக் கெடுக்கவில்லை.

புல்வெளியில் ஒரு பகுதி 1960களில் விதை உருளைக்கிழங்குக்காக உழப்பட்ட நிலம். 1969 இல் ஒதுக்கிடமாகி, 1988 இல் தேசியப் பூங்காவானது. மஞ்சள் பூவும் முள்ளுமாகத் தெரிகிற செடி ஐரோப்பாவிலிருந்து வந்தது, பரவிப் புல்லை அழிக்கிறது. பூவென்று பறித்து விதையைச் சப்பாத்தில் கொண்டுபோகாதீர்கள்.

மரைகள் ஃபார் இன் பக்கம் ஆளுக்குக் கிட்ட வரும். பாண், பிஸ்கற் கொடுக்கவே வேண்டாம். தீனிக்குப் பழகியதால் வந்து நிற்கின்றன, பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. அது வயிற்றில் அடைத்தால் செரிக்காமல் செத்துப் போகும். கொம்பு உள்ள கடாவுக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் படமெடுப்பதும் ஆபத்து. மூக்கு நுனியில் சிறு கொம்போடு ஓணான் ஒன்று மரத்தில் ஒட்டியிருக்கும், இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. மெதுவாக நடக்கிறவர் கண்ணுக்குத்தான் அது படும்.

கல்முனை:
ஆறு வயதுப் பிள்ளையும், முழங்கால் வலியுள்ள உம்மாவும் வந்தால் சுற்று முடியுமா? கனடாவிலிருந்து வரும் மச்சானுக்கும் நம்ம டிக்கற்தானா?

திருக்கோவில்:
பிள்ளை நடக்கும், ஐந்து மணித்தியாலம் வையுங்கள், தூக்கிச் சுமக்க ஒரு ஆள் கூட வேண்டும். உம்மாவுக்குச் சுற்று வேண்டாம், வலிக்கிற முழங்காலுக்குப் பேக்கர் படி ஆகாது. ஃபார் இன்னிலிருந்து கவடு வரை புல்வெளியில் போய், ஓடையைப் பார்த்துத் திரும்பட்டும். கூட ஒருவர் நிற்க வேண்டும், தொலைபேசி பல இடத்தில் எடுக்காது. பிரிகிறபோதே எத்தனை மணிக்கு ஃபார் இன்னில் சந்திப்பதென்று பேசிவிடுங்கள்.

செங்கலடி:
மச்சான் வெளிநாட்டுக் கடவுச்சீட்டை மட்டும் காட்டினால் வெளிநாட்டவர் கட்டணம், நம்மதைவிடப் பல மடங்கு. இரட்டைக் குடியுரிமை இருந்தால் இலங்கை அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ கொண்டுவரச் சொல்லுங்கள். பிரதி போதாது, மூலம் வேண்டும். டிக்கற் எடுக்கிற இடத்தில் வரிசையில் நின்றுகொண்டு பெட்டியைக் கிண்டினால் முகில் ஏறிவிடும், முதல் நாள் இரவே எடுத்து வையுங்கள்.