ஸ்டார் புரதம்: 'கடும்' வேண்டாம், 'கடத்தி'யும் வேண்டாம்

வணக்கம்.

ஸ்டார் (StAR, Steroidogenic Acute Regulatory protein) என்பது ஸ்டீராய்டு ஹார்மோன் உற்பத்தியை முடுக்கிவிடும் புரதம். அதன் தமிழ்ப் பெயருக்கு வந்த பரிந்துரைகளில் 'கடுங்கட்டுப்பாட்டுப் புரதம்', 'கொலஸ்ட்ரால் கடத்தி' என்ற இரண்டும்தான் இப்போது மிஞ்சியிருக்கின்றன. இரண்டையுமே என்னால் ஏற்க முடியவில்லை.

அக்யூட் என்றதும் கடும் வலி, கடும் காய்ச்சல் என்று எழுதிப் பழகிவிட்டோம். இந்தப் பெயரில் அந்தச் சொல் குறிப்பது வேகத்தை. பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் வந்து சில நிமிடங்களுக்குள் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியின் செல்களில் கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனின் உற்பத்தி ஏறிவிடும். புரத உருவாக்கத்தைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடைக் கொடுத்தால் அந்த ஏற்றம் நடக்காது. ஆகவே அந்தந்த நேரத்தில் உருவாகி, சீக்கிரமே தீர்ந்துபோகும் ஒரு புரதம் இதற்குத் தேவை என்று 1960களிலேயே ஊகித்தார்கள். டக்ளஸ் ஸ்டாக்கோவின் குழு டெக்சாசில் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது 1994இல்தான்.

அப்புறம் 'கடத்தி'. ஸ்டீராய்டு உருவாக்கம் தொடங்குவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில். அதன் இரு சவ்வுகளுக்கும் நடுவே நீர்ப்பாங்கான இடைவெளி உண்டு. ஸ்டீராய்டுகளின் மூலப்பொருளான கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. அதை முதல் ஸ்டீராய்டான ப்ரெக்னெனலோனாக மாற்றும் நொதியோ உட்சவ்வில் இருக்கிறது. அதனால் ஸ்டார்தான் கொலஸ்ட்ராலைச் சுமந்துகொண்டு உள்ளே போகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 2002இல் வெளியான ஒரு சோதனையைப் பாருங்கள். ஸ்டாரை வெளிச்சவ்விலேயே அசையாமல் பிணைத்தபோது அது ஓயாமல் வேலை செய்தது. சவ்வுகளின் இடைவெளியிலோ உட்சவ்விலோ நிறுத்தியபோது வேலை செய்யவில்லை. அதாவது உள்ளே நுழைந்ததும் அதன் பணி முடிந்துவிடுகிறது! ஒரு நேரத்தில் ஒரே ஒரு கொலஸ்ட்ரால்தான் அதன் குழிவுக்குள் அடங்கும். ஆனாலும் ஒரு ஸ்டார் மூலக்கூறு நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான கொலஸ்ட்ராலை உள்ளே போகவைக்கிறது. எப்படி என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் ஓயவில்லை. முடிவாகாத ஒரு கருத்தைப் பெயருக்குள் நாமே ஏன் எழுதிவைக்க வேண்டும்?

எனவே 'ஸ்டீராய்டாக்க விரைவுச் சீராக்கிப் புரதம்' என்பது என் பரிந்துரை. சுருக்கமாக 'விரைவுச் சீராக்கி'. 'நெறிப்படுத்தி' என்றாலும் எனக்குச் சம்மதமே. 'விரைவு' மட்டும் இருந்தாக வேண்டும்.

இதில் நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. இந்த மரபணு பழுதானால் குழந்தையின் அட்ரீனல் செல்களில் கொழுப்பு தேங்கி, செல்களே நாசமாகின்றன. உடம்பில் உப்பு நிற்காது; கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. நஞ்சுக்கொடி ஸ்டார் இல்லாமலே ஸ்டீராய்டு உருவாக்கும் என்பதால் கருவில் இருக்கும்வரை சிக்கல் வெளியே தெரிவதில்லை. ஸ்டார் பழுதுதான் காரணம் என்பது 1995இல் உறுதியானது. இதைப் பெற்றோருக்கு விளக்கும் மருத்துவர் 'கடும்' என்று ஆரம்பித்தால், புரதத்தின் பெயரையே நோயின் தீவிரமாக அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இந்த நோய்க்கு (Congenital lipoid adrenal hyperplasia) 'பிறவிக் கொழுப்பேறு அட்ரீனல் மிகைவளர்ச்சி' சரிவருமா? கொஞ்சம் நீளம்தான். ஆனால் 'கொழுப்பேறு' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற அட்ரீனல் மிகைவளர்ச்சிகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.