தெருமுனையில் 24 வீடுகள், அதில் 6 சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கு: எதிர்ப்பது தவறா?

வேம்பு (திங்கள், இரவு 9.40)

மத்திய நியூ ஜெர்சியில் இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். போன வாரம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் தெருமுனையில் பல வருடமாக மூடிக்கிடக்கும் நாற்றுப்பண்ணையின் 3 ஏக்கர் நிலத்தில், லாப நோக்கமற்ற ஓர் அமைப்பு 24 வீடுகள் கட்ட அனுமதி கேட்கிறது. எல்லாம் ஒரு படுக்கையறை வீடுகள், இரண்டு மாடிக் கட்டடம். 18 வீடுகள் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு. மீதி 6, ஆட்டிசம் போன்ற சிறப்புத் தேவை உள்ள பெரியவர்களுக்கு. 200 அடிக்குள் மனை வைத்திருப்பவர்களுக்கு அறிவித்தாக வேண்டும் என்பதால் எனக்கும் கடிதம்.

அந்தக் குழந்தைகள் மீது எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. ஆனால் இது தனி வீட்டு மண்டலம். ஒரு மனைக்கு ஒரு வீடு என்பதை நம்பித்தான் 2014இல் கழுத்தளவு கடன் வாங்கி இங்கே வந்தோம். மூன்று வருடத்துக்கு முன் பின்பக்கம் ஓர் அறை கூட்டக் கேட்டேன். பக்கத்து எல்லையிலிருந்து இரண்டடி குறைகிறது என்று நிறுத்திவிட்டார்கள். எனக்கு இரண்டடி கிடையாது, அவர்களுக்கு 24 வீடா?

அடுத்தது வரி. இந்த மாநிலத்தில் வீட்டு வரி சராசரியாகவே ஆண்டுக்கு 10,000 டாலரை எட்டிவிட்டது. அந்த அமைப்பு முழு வரி கட்டாது. அந்தப் பங்கு யார் தலையில் விழும்?

மூன்றாவது தண்ணீர். 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயல் மழையில் எங்கள் நிலவறையில் முழங்கால் அளவு நின்றது. கல்யாண ஆல்பம் ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இன்றுவரை பிரிக்க முடியவில்லை. அந்த 3 ஏக்கர் மண்ணும் தார்த்தரையாகிவிட்டால் தண்ணீர் எங்கே போகும்?

வரும் வியாழன் சோனிங் போர்டு (எந்த மண்டலத்தில் எதைக் கட்டலாம் என்று முடிவு செய்யும் ஊர் வாரியம்) கூட்டம். எதிர்த்துப் பேசலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்து?

கறுப்புக் கண்ணாடி (திங்கள், இரவு 10.05)

தாராளமாக எதிர்த்துப் பேசுங்கள். இன்று 6 என்பார்கள், நாளை 16 ஆகும். நான்கு தெரு தள்ளி ஒரு குழு இல்லம் இருக்கிறது, சிறப்புத் தேவை உள்ள சிலர் ஊழியர் துணையோடு சேர்ந்து வாழும் வீடு. போன வருடம் நான் பார்த்தே நான்கு முறை ஆம்புலன்ஸ், இரண்டு முறை போலீஸ். வீடு விற்கும்போது வாங்க வருபவர் அதைத்தான் பார்ப்பார்.

இளவேனில் (திங்கள், இரவு 11.50)

வேம்பு அண்ணா, முதலில் ஒன்று. அவர்கள் குழந்தைகள் அல்லர். என் மகனுக்கு 23 வயது. தினமும் சவரம் செய்துகொள்கிறான், தாடையில் ஒரு கீறல் இல்லாத நாள் இல்லை.

எங்கள் தெருவில் எந்தக் கிழமை எந்தக் குப்பைத் தொட்டி வெளியே போக வேண்டும் என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் அவனைத்தான் கேட்பார்கள். எதிர்வீட்டுக்காரர் மறந்துவிட்டால் அவருடையதையும் இழுத்து வைத்துவிட்டு வருவான். கைப்பிடி வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பப் போய்ச் சரிசெய்துவிட்டு வந்துதான் படுப்பான். தோசை சுடத் தெரியும். அடுப்பை அணைத்தோமா என்பது மட்டும் நினைவில் நிற்காது. அந்த ஒன்றுக்காகத்தான் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

21 வயது முடிந்த ஜூன் மாதத்தோடு பள்ளிப் பேருந்து நின்றுவிட்டது. அதன் பிறகு எல்லாம் விண்ணப்பம், காத்திருப்பு. மத்திய அரசு உதவித்தொகை 2025இல் மாதம் 967 டாலராக இருந்தது. அவன் பெயரில் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு இருந்தால் அதுவும் நின்றுவிடும், டிரஸ்டு போன்ற ஏற்பாடு செய்து வைத்தாலொழிய. அந்தத் தொகைக்கு இந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக் கதவு திறக்கும், சொல்லுங்கள். நீங்கள் கடிதத்தில் பார்த்த அந்த 6 வீடுகள் போல மாநிலம் முழுவதும் தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு 58 வயது, சர்க்கரை இருக்கிறது. அவனுடைய அப்பா இல்லை.

பழைய பிளானர் (செவ்வாய், காலை 7.15)

இருபது வருடம் டவுன்ஷிப்களுக்கு ஆலோசகராக இருந்தவன். யார் பக்கமும் சாயாமல் சட்ட நிலவரத்தை மட்டும் சொல்கிறேன் (கடைசியில் சாய்ந்துவிடுவேன், முன்கூட்டியே மன்னிப்பு).

கறுப்புக் கண்ணாடி சொன்ன அந்தக் குழு இல்லத்தையும் வேம்பு சாரின் தெருமுனைத் திட்டத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. உரிமம் பெற்ற குழு இல்லம் என்றால், 15 பேர் வரை, நியூ ஜெர்சியின் எந்தக் குடியிருப்பு மண்டலத்திலும் தனி வீட்டுக்கு உள்ள அதே விதியோடு வரலாம். போர்டு முன் நிற்கவே வேண்டாம். முன்பு 6 பேருக்கு மேல் போனால் தனி நிபந்தனை போடலாம், இரண்டு இல்லங்களுக்கு நடுவே இத்தனை அடி வேண்டும் என்று கேட்கலாம் என்றிருந்தது. 1996இல் கூட்டாட்சி நீதிமன்றம் அது பாகுபாடு என்றது; சட்டமும் திருத்தப்பட்டது.

உங்கள் தெருமுனையில் வருவது அடுக்குக் குடியிருப்பு. தனி வீட்டு மண்டலத்தில் அதற்குப் பயன்பாட்டு வேரியன்ஸ், அதாவது மண்டல விதியிலிருந்து விலக்கு, வேண்டும். போர்டில் 7 பேர். 5 பேர் சரி என்றால்தான் நிறைவேறும். உங்கள் இரண்டடி வேறு வகை வேரியன்ஸ், அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆக, அவர்கள் ஏற வேண்டிய படி உங்களுடையதைவிட உயரம். சலுகை என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று அவர்களுக்குச் சாதகம். இயல்பிலேயே பொதுநலம் உள்ள பயன்பாடு என்று இந்த மாநில நீதிமன்றங்கள் சிலவற்றை ஒதுக்கி வைத்திருக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, மலிவு வீடு எல்லாம் அதில் வரும். 1992இல் வால் டவுன்ஷிப் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தராசு கொடுத்தது: பொதுநலம் எவ்வளவு, கெடுதல் எது, நிபந்தனை போட்டு அந்தக் கெடுதலைக் குறைக்க முடியுமா, பிறகு எடை போடு. மூன்றாவது படிதான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். 'வேண்டாம்' என்று எழுந்து நின்றால் மூன்று நிமிடம் கேட்டுவிட்டு நன்றி சொல்லி உட்காரவைப்பார்கள். 'மழைநீர்த் தேக்கம் இந்த அளவு வேண்டும், விளக்கு கீழ்நோக்கி இருக்க வேண்டும், வேலியோரம் பசுமை மாறா மரம் வேண்டும்' என்றால் அது தீர்மானத்தில் ஏறும்.

தண்ணீர் என்றதும் எனக்கு டெக்சஸின் கிளிபர்ன் ஊர்தான் நினைவுக்கு வந்தது. ஃபெதர்ஸ்டன் தெருவில் நான்கு படுக்கையறை வீடு ஒன்று. அறிவுத்திறன் குறைபாடு உள்ள 13 பேர் அங்கே தங்க ஏற்பாடு. நகர சபை தனி அனுமதி கேட்டு, கொடுக்க மறுத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, ஐந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளம் வரக்கூடிய இடம் என்பது. இன்னொன்று, எதிரே நடுநிலைப் பள்ளி, பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்பது. 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேட்டது: அதே இடத்தில் முதியோர் இல்லம் வந்தால் வெள்ளம் வராதா, அதற்கு ஏன் அனுமதி கேட்கவில்லை? அந்தப் பள்ளியிலேயே அதே குறைபாடு உள்ள சுமார் 30 மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் வெள்ளம் அப்படிப்பட்ட சாக்கு அல்ல, ஆல்பம் நனைந்திருக்கிறது. ஆனால் அங்கே 10 பெரிய பங்களா வந்தாலும் இதே கேள்வியைக் கேட்பீர்களா என்று உங்களையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கறுப்புக் கண்ணாடி (செவ்வாய், காலை 8.30)

சட்டம் ஆயிரம் சொல்லும். ஆம்புலன்ஸ் நான் கண்ணால் பார்த்தது.

இளவேனில் (செவ்வாய், காலை 8.52)

ஆம்புலன்ஸ் வருவதற்குக் காரணம் 2003ஆம் ஆண்டுச் சட்டம். டேனியல் என்ற பெண்ணுக்கு ஊழியர்கள் உரிய நேரத்தில் அவசர உதவியை அழைக்காமல், அவர் இறந்த பிறகு வந்தது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் குழு இல்ல ஊழியர் உடனே 911 அவசர எண்ணை அழைத்தாக வேண்டும். தவறினால் முதல் முறையே 5,000 டாலர் அபராதம். 'கொஞ்சம் பார்ப்போம்' என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் மாமனாருக்கு நெஞ்சு வலித்தாலும் அதே வண்டிதான் வரும். அதைத் தெருவில் யாரும் எண்ணிக்கொண்டு உட்காருவதில்லை.

தம்பிக்கு அண்ணன் (செவ்வாய், பிற்பகல் 1.20)

நான் இருவரோடும் சண்டை போட வேண்டியவன். என் தம்பி ஏழு வருடமாக ஒரு குழு இல்லத்தில் இருக்கிறான், இன்னும் மூன்று பேரோடு. வேம்பு சார் பயப்படும் எதுவும் அங்கே நடக்கவில்லை. இளவேனில் அக்கா நம்புவதும் நடக்கவில்லை.

வீடு கிடைத்துவிட்டால் தீர்ந்தது என்று நாங்களும் நினைத்தோம். ஊழியர் நான்கு மாதத்துக்கு ஒருவர் மாறுகிறார். போன பொங்கலுக்குப் போனேன். தம்பி காலணியை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான், இடது வலது மாறி. புதிதாக வந்த பையனுக்கு அது தெரியவில்லை. அன்று அவனுக்கு இரண்டாவது ஷிப்ட், பதினான்காவது மணி நேரம். அவனையும் குறை சொல்ல மனம் வரவில்லை.

என் அச்சம் வேறு. இவர்களைப் போன்றவர்களுக்காக டோட்டோவாவில் இருந்த பெரிய அரசு விடுதியை 2014இல் மூடினார்கள், அடுத்த ஜனவரியில் உட்பிரிட்ஜில் இருந்ததையும். எதற்கு மூடினார்கள்? நூற்றுக்கணக்கானவர்களை ஒரே வளாகத்தில் வைக்கக் கூடாது என்றுதானே. இப்போது 24, நாளை 60, அதற்கு 'கிராமம்' என்று அழகான பெயர் வைப்பார்கள். இவர்களை ஊரிலிருந்து பிரித்து ஒதுக்கும் இடத்துக்கு மெடிகெய்டு என்ற அரசு மருத்துவ உதவிப் பணம் போகக் கூடாது என்று 2014இலேயே மத்திய அரசு விதி இருக்கிறது. சோனிங் போர்டில் இதை யாரும் கேட்பதில்லை. வண்டி நிறுத்த எத்தனை இடம் என்பதோடு சரி.

பழைய பிளானர் (செவ்வாய், மாலை 6.10)

தம்பி, உங்கள் கேள்வி நியாயம். ஆனால் இங்கே 24இல் 6தான் சிறப்புத் தேவைக்கு. மீதி வீடுகளில் பல்பொருள் கடை ஊழியர், பள்ளி உதவியாளர், தனியாக வாழும் பாட்டி போன்றவர்கள் வருவார்கள். சும்மா சேர்த்துக் கட்டுவதற்கும் கலந்து கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஊழியர் மாறுவது சோனிங்கால் தீராது, சம்பளத்தால்தான் தீரும்.

வேம்பு சாருக்கு இன்னொரு தகவல். மவுண்ட் லாரல் என்ற ஊரின் வழக்கில் 1975இல் தொடங்கி மாநில உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளின்படி ஒவ்வொரு ஊரும் மலிவு வீட்டுக்கு இடம் தந்தே ஆக வேண்டும். 2024 மார்ச்சில் வந்த புதிய சட்டப்படி 2025 ஜூன் 30க்குள் ஊர்கள் திட்டம் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது.  இந்த 24ஐ உங்கள் ஊர் தள்ளிவிட்டால் அது தர வேண்டிய மலிவு வீட்டு எண்ணிக்கை மறைந்துவிடாது. வேறொரு கட்டுமான நிறுவனம் 200 வீட்டுத் திட்டத்தோடு வரும், அதில் 40 மலிவு வீடு, 160 சந்தை விலை வீடு. அப்போது நெரிசல் என்றால் என்ன என்று தெரியும்.

(சாய்ந்துவிட்டேன். சொன்னேனே.)

கறுப்புக் கண்ணாடி (செவ்வாய், இரவு 9.00)

இது மிரட்டல் மாதிரி இருக்கிறது.

பழைய பிளானர் (செவ்வாய், இரவு 9.04)

மிரட்டல் இல்லை, கணக்கு. மவுண்ட் லாரலில் கடைசியில் கட்டிய எதெல் லாரன்ஸ் குடியிருப்பை பிரின்ஸ்டன் சமூகவியலாளர் டக்ளஸ் மாசியின் குழு வருடக்கணக்கில் ஆராய்ந்தது. பக்கத்து வீடுகளின் விலை அதனால் விழவில்லை, குற்றமும் கூடவில்லை. அங்கேயும் கட்டுமுன் கூட்டத்தில் எல்லோரும் நீங்கள் சொல்வதைத்தான் சொன்னார்கள்.

வேம்பு (புதன், இரவு 10.30)

எல்லாவற்றையும் படித்தேன். வரி விஷயத்தில் நான் மாறவில்லை. பொதுநலம் என்றால் மாநிலம் பணம் போடட்டும், 200 அடிக்குள் இருப்பவன் மட்டும் ஏன்? அதற்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை. பங்களா கேள்வி குத்தியது, ஒப்புக்கொள்கிறேன். 10 பங்களா என்றால் நான் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். இத்தனைக்கும் ஒவ்வொன்றுக்கும் நீச்சல் குளமும் மூன்று கார் கொட்டகையும் இருக்கும், தார்த்தரை குறையாது.

இன்று டவுன்ஷிப் அலுவலகத்தில் வரைபடம் வாங்கிப் பார்த்தேன். மழைநீர்த் தேக்கம் தெற்கு மூலையில் போட்டிருக்கிறார்கள். சரிவு எங்கள் வீட்டுப் பக்கம், வடக்கே. அதைக் கேட்கப் போகிறேன், படம் எடுத்து வைத்திருக்கிறேன், ஆல்பம் உட்பட. திட்டமே வேண்டாம் என்று பேசுவேனா என்பது அவர்கள் சொல்லும் பதிலைப் பொறுத்தது.

இளவேனில் அம்மா, வரும் வியாழன் நீங்கள் வருவீர்களா?

இளவேனில் (புதன், இரவு 11.15)

எங்கள் ஊர் இல்லை, ஆனாலும் பேசலாம் என்று கேட்டு வைத்திருக்கிறேன். மகனும் வருகிறான். கூட்டம் ஏழரைக்கு. அவன் 9 மணிக்குத் தொட்டியை வெளியே வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை காகிதம் எடுக்கும் நாள். அதனால் முதல் ஆளாகப் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவோம். தேக்கம் வடக்கே மாற வேண்டும் என்பதை நானும் சொல்கிறேன்.

கறுப்புக் கண்ணாடி (புதன், இரவு 11.40)

நானும் வருகிறேன். எதிர்த்துத்தான்.