திறனைக் கூட்டினால் பிழையும் கூடுகிறது: 100 ஜி சேனலில் என்ன கோளாறு?

கேள்வி:
80 கி.மீ. வீதம் ஆறு பகுதிகள் கொண்ட ஒளியிழைத் தடம், ஜி.652 (வழக்கமான ஒற்றைமுறை) இழை. ஒவ்வொரு பெருக்கி நிலையத்திலும் நிறப்பிரிகையை (அலைநீளத்துக்கேற்ப வேகம் மாறுவதால் துடிப்பு விரிவதை) ஈடுசெய்யும் இழைச் சுருள் உண்டு. 10 ஜி (நொடிக்கு 10 கிகாபிட்) சேனல்கள் ஓடும் இழையில் புதிதாக ஒரு 100 ஜி கோஹரென்ட் (ஒளியலையின் கட்டத்திலும், அதாவது phase-இலும், செய்தியை ஏற்றும்) சேனலைச் சேர்த்தோம். பிழைவிகிதம் விளிம்பில் நின்றதால், அதன் திறனை 1 டிபிஎம்மிலிருந்து (1 மில்லிவாட்டை ஒப்பிட்ட டெசிபல் அளவு) 3-க்கு ஏற்றினேன். நிறமாலைமானியில் ஒளி-இரைச்சல் விகிதம் அழகாக 2 டெசிபல் உயர்ந்தது; பிழைவிகிதமோ இன்னும் மோசம். இணைப்பான்களைத் துடைத்தாயிற்று, கார்டையும் மாற்றியாயிற்று. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
கருவி பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கிறது. கெர் விளைவால் (ஒளியின் செறிவே இழையின் ஒளிவிலகல் எண்ணை மாற்றுவதால்) எழும் குறுக்கீடு சிக்னலின் பட்டைக்குள்ளேயே விழுகிறது. சேனல்களின் இடைவெளியில் இரைச்சலை அளக்கும் கருவிக்கு அது தெரியாது. சேனல் தனக்குத்தானே செய்துகொள்ளும் குறுக்கீடு திறனின் மும்மடியாக ஏறும். அரை டெசிபல் படிகளாக இறக்கிப் பிழைவிகிதத்தைக் குறித்துப் பாருங்கள்.

கேட்டவர்:
0 டிபிஎம் வரை இறக்கினேன். கொஞ்சம் தேறியது, அதற்குக் கீழே மறுபடியும் கெடுகிறது. இன்னொன்று: பெறுவியின் திரையில் சிக்னலின் நான்கு நிலைகளைக் காட்டும் புள்ளிக் கூட்டங்களும் உருண்டையாக இல்லை, வில்லாக வளைந்திருக்கின்றன.

மறுமொழி 2:
அந்த வில்தான் துப்பு. கட்டம் ஆடுகிறது. பக்கத்தில் 10 ஜி இருக்கிறதா? அது ஒளியை ஏற்றி இறக்கியே செய்தி அனுப்புகிறது. ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் இழையின் ஒளிவிலகல் எண்ணை அசைத்து உங்கள் கட்டத்தைத் திருகுகிறது. ஈடுசெய்யும் சுருள்கள் துடிப்புகளை மீண்டும் மீண்டும் ஒழுங்குபடுத்துவதால் இந்தத் திருகல் பகுதிக்குப் பகுதி ஒரே திசையில் சேர்கிறது. உங்கள் திறனை எவ்வளவு குறைத்தாலும் இது போகாது. அண்டைச் சேனல்களைக் குறையுங்கள் அல்லது விலகிப் போங்கள். (ஜி.653 இழையாக இல்லாதது உங்கள் நல்ல காலம். 1550 நானோமீட்டரில் நிறப்பிரிகை இல்லாததால் அங்கே நான்கலைக் கலப்பும் (சேனல்கள் ஒன்றோடொன்று கலந்து புதிய அலைகளை உண்டாக்குவது) சேர்ந்து வாட்டும்.)

கேட்டவர்:
இரு பக்கமும் 50 கிகாஹெர்ட்ஸ் தொலைவில் 10 ஜி, தலா 3 டிபிஎம்! அவற்றை 1.5 டெசிபல் இறக்கி, 100 ஜியைப் பட்டையின் மறுமுனைக்கு மாற்றினேன். பிழைவிகிதம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

மறுமொழி 3:
சுருளுக்குள் போகும் திறனையும் பாருங்கள். அதன் பயனுறு பரப்பு (ஒளி பரவிச் செல்லும் குறுக்குவெட்டுப் பரப்பு) உங்கள் இழையினுடையதில் ஏறக்குறைய கால் பங்குதான். அதே திறனில் அங்கே குறுக்கீடு பல மடங்கு.

கேட்டவர்:
பார்த்தேன். இரண்டாம் நிலையத்தில் சுருளுக்கு முன் திறனைக் குறைக்க இருக்க வேண்டிய தணிப்பானே இல்லை. யாரோ நேராகப் பேட்ச் கார்டை (இணைப்பு இழையை) செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள்.