ஏலக்காய் கடை ஆபீஸ்: ரான்சம்வேர் (ஃபைலை எல்லாம் பூட்டிட்டு, திறக்கப் பணம் கேக்குற வைரஸ்) வந்தா எத்தனை மணி நேரத்துல மறுபடி பில் போட முடியும்?

போடி_கணக்கு:
போடியில ஏலக்காய் வாங்கி, தரம் பிரிச்சு, வெளி மாநிலத்துக்கு அனுப்புற கடை. 14 கம்ப்யூட்டர், ஒரு விண்டோஸ் சர்வர். டாலி (கணக்கு சாஃப்ட்வேர்) டேட்டா சர்வரோட டி டிரைவ்ல, ஷேர் போட்டு எல்லாரும் திறக்கிறோம். வண்டன்மேடு டெப்போவுல இருந்து ரெண்டு பேர் ரிமோட் டெஸ்க்டாப்ல (அங்கே இருந்தே நம்ம சர்வர் திரையைத் திறந்து) வர்றாங்க. அதுக்காக ரவுட்டர்ல போர்ட் திறந்திருக்கு. வழக்கமான 3389 வேண்டாம்னு போர்ட் நம்பரை 3390 ஆக்கியிருக்கு.

பேக்கப் மூணு இருக்கு. ராத்திரி 9 மணிக்கு நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்ல மாட்டின டிஸ்க் பெட்டி) காப்பி, சர்வர்லயே செருகியிருக்கிற யூஎஸ்பி டிஸ்க், அப்புறம் ஒன்டிரைவ் கிளவுட் சிங்க். மொத்தம் 1.4 டிபி, அதுல டாலி 20 ஜிபிக்குள்ள; மீதி எல்லாம் ஸ்கேன் பண்ணின பில், ஆதார், பாஸ்புக் நகல். "நாளைக்கே வந்தா தாங்குவோமா?"ன்னு முதலாளி கேக்குறார். எதை வச்சுப் பதில் சொல்றது?

குமுளி_நெட்வொர்க்:
எண்ணிக்கையில மூணு பேக்கப், கணக்குல ஒண்ணுதான் அண்ணே. ஒவ்வொரு காப்பிக்கும் ஒரே கேள்வி கேளுங்க: எந்த லாகின் இதை அழிக்க முடியும்?

இன்னைக்கே பார்த்துடலாம். சர்வர்ல அட்மினா லாகின் பண்ணி, நாஸ் ஷேரைத் திறந்து, ஒரு சோதனை ஃபைலை டெலிட் பண்ணிப் பாருங்க. பாஸ்வேர்டு கேக்காம போச்சுன்னா, சர்வரைப் பிடிச்சவனுக்கும் அப்படியே போகும். செருகியே இருக்கிற யூஎஸ்பி டிஸ்க் அவனுக்கு இன்னொரு டிரைவ் லெட்டர், அவ்வளவுதான். ஒன்டிரைவ் பூட்டின ஃபைலையும் ஒழுங்கா மேல ஏத்திடும். பழைய பதிப்புக்குத் திரும்ப 30 நாள் வழி இருக்கு, ஆனா அந்த அக்கவுண்ட் பாஸ்வேர்டும் போயிருந்தா அதுவும் இல்ல. விண்டோஸ் தானா எடுத்து வைக்கிற ஷேடோ காப்பியை நம்பவே வேண்டாம். பூட்டுறதுக்கு முன்னாடி அதை அழிக்கிறதுதான் இவங்க வழக்கம்.

மாத்த வேண்டியது: யூஎஸ்பி டிஸ்க் ரெண்டு வாங்குங்க. மேல மார்க்கர்ல அ, ஆ-ன்னு எழுதுங்க. ஒண்ணு காப்பி ஆகும்போது மத்தது ஆபீசுக்கு வெளியே இருக்கணும், காப்பி முடிஞ்சதும் கழட்டிடணும். நாஸ் பெட்டிக்கு சர்வர் தள்ளக் கூடாது; நாஸ் தன் சொந்த லாகின்ல வந்து எடுத்துக்கணும். நாஸ் அட்மின் பாஸ்வேர்டு எந்தப் பிரவுசர்லயும் சேவ் ஆகியிருக்கக் கூடாது. நாஸ்ல ஸ்னாப்ஷாட் (அந்தந்த நாள் நிலையை அப்படியே பதிஞ்சு வைக்கிறது) 30 நாளாவது வைங்க, மாசத்துக்கு ஒரு காப்பி தனியா. ஏன்னா உள்ளே நுழைஞ்சவன் பல நாள் பதுங்கியிருந்துட்டுத்தான் பூட்டுவான். இணையத்துல இருந்து நாஸைத் திறக்கிற வசதியையும் மூடிடுங்க. 2021-ல க்யூலாக்கர், 2022-ல டெட்போல்ட்ங்கிற ரெண்டு ரான்சம்வேரும் வெளியில திறந்து கிடந்த க்யூநாப் கம்பெனி நாஸ் பெட்டிகளைத்தான் தேடிப் பிடிச்சது.

கம்பம்மெட்டு_டாலி:
மேல சொன்னதைச் செஞ்சுட்டு, கடிகாரம் வச்சு ஒரு ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. முதலாளிக்குச் சொல்ற பதில் அந்த நேரம்தான்.

ஒரு காலி கம்ப்யூட்டர், லேன் கேபிள் கழட்டினது. அதுல டாலி போட்டு, நேத்து பேக்கப்பைத் திறங்க. டிரையல் பேலன்சும் கடைசி வவுச்சர் நம்பரும் நேத்து பிரிண்ட் எடுத்த தாளோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. கம்பெனி திறந்துச்சுன்னு மட்டும் பார்த்து விட்டுடாதீங்க. ராத்திரி 9 மணிக்கு யாராவது டாலியைத் திறந்து வச்சிருந்தா, ஃபோல்டர் காப்பி பாதி எழுதின நிலையில வரும். அது ரீஸ்டோர் அன்னைக்குத்தான் தெரியும். எல்லாரையும் வெளியேத்திட்டு எடுங்க.

நேரக் கணக்கு: 1 கிகாபிட் லேன்ல நொடிக்கு 110 எம்பி வரும், 1.4 டிபி சுமார் மூணரை மணி நேரம். 100 மெகாபிட் ஸ்விட்சுல 11 எம்பிதான், 35 மணி நேரம். 50 மெகாபிட் இணையத்துல கிளவுட்ல இருந்து இறக்கினா 65 மணி நேரத்துக்கு மேல. சின்னச் சின்ன ஸ்கேன் ஃபைல் நிறைய இருந்தா இன்னும் இழுக்கும். கிகாபிட்டுக்கு கேபிளுக்குள்ள நாலு ஜோடியும் வேலை செய்யணும்; ஒரு ஜோடி நைஞ்சு போனாலும் 100-க்கு இறங்கிடும், ஸ்விட்ச் விளக்கைப் பார்த்தா தெரியும். அதனால டாலிக்குத் தனி பேக்கப் வேலை வைங்க. 20 ஜிபி சில நிமிஷத்துல வந்துடும், ஸ்கேன் எல்லாம் அப்புறம் வரட்டும்.

நிறையப் பேர் விடுற இடம் ஒண்ணு இருக்கு. புது சர்வர்ல டாலி லைசென்ஸை உயிர்ப்பிக்க சீரியல் நம்பரும் பதிவு பண்ணின இமெயிலும் வேணும். அந்த மெயில் பாஸ்வேர்டு பழைய சர்வர் பிரவுசர்ல மட்டும் இருந்தா அங்கேயே நின்னுடுவீங்க. லாரியும் அப்படித்தான். 50,000 ரூபாய்க்கு மேல சரக்கு கேரளா போகணும்னா ஈ-வே பில் வேணும். டாலி இல்லாட்டியும் போர்ட்டல்ல நேரா போடலாம், ஆனா ஓடிபி யார் போனுக்கு வருது? அந்த ஆள் ஊர்ல இல்லாட்டி யார்? தாள்ல எழுதி பீரோவுல வைங்க. அன்னன்னைக்கு லாட் நம்பர், எடை, தரம், பணம் கொடுக்க வேண்டிய தேதி இந்தப் பட்டியலை சாயங்காலம் ஒரு பிரிண்ட் எடுத்துடுங்க.

செங்கோட்டை_ஃபயர்வால்:
3390 ஒரு பாதுகாப்பும் இல்ல. போர்ட் நம்பர் எதுவானாலும் ஸ்கேனர்ல ரிமோட் டெஸ்க்டாப்னு தெரிஞ்சுடும். அந்தப் போர்ட்டை இன்னைக்கு மூடுங்க, மத்ததெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாம். டெப்போக்காரங்க விபிஎன் (இணையத்துக்குள்ள பாதுகாப்பான தனி வழி) வழியா வரட்டும், அதுக்கும் ரெண்டாவது சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்கு மேல ஓடிபி மாதிரி) கட்டாயம். 2021-ல அமெரிக்காவோட கொலோனியல் பைப்லைன்ங்கிற எரிபொருள் குழாய் கம்பெனிக்குள்ள ரான்சம்வேர்காரங்க நுழைஞ்சது, ரெண்டாவது சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய விபிஎன் லாகின் வழியாத்தான். அவங்க 75 பிட்காயின் கட்டியும், கிடைச்ச திறவுகோல் ரொம்ப மெதுவா ஓடினதால சொந்த பேக்கப்பைத்தான் நம்ப வேண்டியிருந்துச்சு.

14 கம்ப்யூட்டர்ல எத்தனைல விண்டோஸ் 10 ஓடுதுன்னு எண்ணுங்க. 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சது. எதுலயாவது ஆக்டிவேட்டர், கிராக் (லைசென்ஸ் இல்லாம ஓட வைக்கிற கருவி) போட்டிருந்தா அதை முதல்ல ஃபார்மட் பண்ணுங்க. டாலி சர்வீஸ்காரர் எனிடெஸ்க்ல (தூரத்துல இருந்து கம்ப்யூட்டரை இயக்குற ஆப்) நிரந்தர பாஸ்வேர்டு வச்சிருந்தா எடுத்துடுங்க, தேவைப்படும்போது நீங்க அனுமதி கொடுத்தாப் போதும்.

ஷேர் ஃபோல்டர்ல டாலி ஓடுறதால எல்லாருக்கும் அதுல எழுதுற உரிமை இருக்கு. தராசு பக்கத்து கம்ப்யூட்டர் ஒண்ணு மாட்டினாலும் முழுக் கணக்கும் பூட்டிக்கும். டாலிபிரைம் சர்வருக்கு மாறினா டேட்டா ஃபோல்டரை ஊழியர்கள் நேராத் தொட வேண்டியதில்ல. செலவு இருக்கு, ஆனா உங்க ஆபீசுக்கு அது தகும்.

போடி_கணக்கு:
நாஸ்ல சோதனை ஃபைல் டெலிட் ஆகுது. போர்ட் மூடியாச்சு. நடந்துட்டா முதல் வேலை என்ன, புகார் எங்கே?

குமுளி_நெட்வொர்க்:
லேன் கேபிளைப் பிடுங்குங்க, வைஃபையை அணைங்க. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணாதீங்க, மெமரியில தடயம் இருக்கும். நெட்வொர்க்ல இருந்து பிரிக்கவே முடியலன்னா மட்டும் ஆஃப். பதற்றத்துல பேக்கப் டிஸ்கைக் கொண்டுவந்து அந்தச் சர்வர்லயே செருகிடுவாங்க, கடைசிக் காப்பியும் போயிடும். டிஸ்க் உறையிலயே "பாதிச்ச கம்ப்யூட்டர்ல செருகாதே"ன்னு எழுதி ஒட்டுங்க.

மிரட்டல் குறிப்பை போன்ல படம் எடுங்க, பூட்டின ஃபைல் ரெண்டை எடுத்து வைங்க. நோ மோர் ரான்சம் தளத்துல அதைக் கொடுத்தா, இலவசத் திறவுகோல் இருக்கான்னு சொல்லும். 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள்ள செர்ட்-இன்னுக்கு (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) தகவல் போகணும், லாக் (யார் எப்போ நுழைஞ்சாங்கன்னு கம்ப்யூட்டர் எழுதி வைக்கிற பதிவு) 180 நாள் இருக்கணும். புகாருக்குத் தேசிய சைபர் குற்றத் தளம், இல்லாட்டி தேனி மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷன்.

இன்னொண்ணு. பூட்டுறதுக்கு முன்னாடி டேட்டாவைத் திருடி, வெளியிடுவேன்னும் மிரட்டுவாங்க. அதுக்கு எந்த பேக்கப்பும் உதவாது. தோட்டத் தொழிலாளிங்க நம்மை நம்பிக் கொடுத்த ஆதார், பாஸ்புக் நகல் அது. தேவை முடிஞ்சதை அழிச்சுடுங்க. மீதியை எல்லாருக்கும் திறந்த ஷேர்ல இருந்து எடுத்து, உங்க ஒரு லாகின் மட்டும் திறக்கிற மாதிரி வைங்க.