அண்ணன் கேட்ட கையெழுத்து: என் சந்தேகம் நியாயமானதா?

கேள்வி: காவிரிக்கரையான்
அப்பா காலமாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. அவர் சம்பாதித்த வீடு ஒன்று உள்ளது; உயில் இல்லை. காரியம் முடிந்த மறுவாரமே அண்ணன் என் ஆதார் நகலையும் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்தையும் கேட்டார். வீட்டைத் தன் பெயருக்கு மாற்றப் பார்க்கிறார் என்று முடிவு கட்டி, எதற்கென்றுகூடக் கேட்காமல் மறுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவதில்லை. அந்த மௌனமே என் சந்தேகத்தை உறுதிப்படுத்துகிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்: உளவியல் மாணவி
அந்த மௌனம் எதையும் உறுதிப்படுத்தவில்லை என்றே நினைக்கிறேன். 1967இல் ஜோன்ஸ், ஹாரிஸ் என்னும் இரு ஆய்வாளர்கள், ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதைக் கட்டுரையாளர் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்று சொல்லியிருந்தும், எழுதியதே அவருடைய உள்ளக் கருத்து என எண்ணும் பக்கமே மாணவர்கள் சாய்ந்தார்கள். சூழ்நிலையை மறந்து ஆளின் குணத்தில் காரணம் தேடும் இப்போக்குக்கு லீ ராஸ் 1977இல் ‘அடிப்படைக் காரணக் கற்பிதப் பிழை’ என்னும் பொருளில் பெயரிட்டார். உங்கள் மறுப்புக்குத் துக்கமும் பயமும் காரணம் என்பது உங்களுக்குத் தெரியும்; அண்ணனுக்குத் தெரிய வழியில்லை. தம்பி தன்னைத் திருடனாக நினைக்கிறான் என்று அவர் மனம் நொந்திருக்கலாம்.

பதில்: ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்
வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கும்போது வாரிசுகள் எல்லோருடைய அடையாள ஆவணங்களும் கேட்கப்படும். அண்ணன் கேட்டது அதற்காகவும் இருக்கலாம். ஊகிப்பானேன்? பட்டா யார் பெயரில் உள்ளது என்பதை அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம், பத்திரப்பதிவு நடந்திருந்தால் வில்லங்கச் சான்றில் தெரியும். பட்டாவில் பெயர் மாறினாலும் அதனால் மட்டும் உங்கள் பங்கு போய்விடாது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயாருக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் சம உரிமை உண்டு.

பதில்: சமரசர்
நோட்டீஸ் போனால் அண்ணனின் சந்தேகமும் உறுதியாகிவிடும். நேரில் பேச முடியாவிட்டால் சமரச மையத்தை நாடுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் அப்படி ஒரு மையம் இயங்குகிறது. தனி அமர்வில் நான் முதலில் கேட்பது, “எதை நேரில் பார்த்தீர்கள், எதை நினைத்துக்கொண்டீர்கள்?” என்பதுதான். பலர் அங்கேயே நெடுநேரம் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

காவிரிக்கரையான்
பார்த்தேன். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. அந்த விண்ணப்பம் எதற்காக என்று அண்ணனிடமே கேட்க, ஞாயிற்றுக்கிழமை ஆதார் நகலுடன் ஊருக்குப் போகிறேன்.